தாங்கலுக்குத் திரும்பாத கல்

வசந்தகுமாரிக்குக் கோபம் வந்தால் தெருநாய்கூட வாலைச் சுருட்டிக்கொண்டு அடுத்த சந்துக்குப் போய்விடும் என்று காலனியில் பேசிக்கொள்வார்கள். அதில் பெரிய மிகை ஒன்றும் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட் செய்யும் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கிற மேசை அவளுடையது. மரை சரியில்லாத போல்ட்டைத் தொட்டியில் அவள் வீசுகிற சத்தம் கேட்டாலே சூப்பர்வைசர் டீ குடிக்க எழுந்து போய்விடுவார். பஸ்ஸில் காலை மிதித்தவன், கரண்டு ரீடிங் எடுக்க வந்து கேட்டைத் திறந்துபோட்டுவிட்டுப் போனவன், அழுகின தக்காளியை அடியில் வைத்துக் கட்டினவன் என்று யாரையும் அவள் சும்மா விட்டதில்லை.

ஆனால் அந்தத் தை மாத ஞாயிற்றுக்கிழமை காலையில் வடக்குக் காட்டு வாசலில் நின்றபோது அவள் இன்னும் கோபப்பட ஆரம்பிக்கவே இல்லை. வெறும் எரிச்சலில்தான் இருந்தாள். எரிச்சலுக்குக் காரணம் கண்ணெதிரே ஆடிக்கொண்டிருந்தது. காட்டு வாசலில் பலூன் வளைவு கட்டி, ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டு, கிளிப்பச்சை டீஷர்ட்டில் ஒரு கூட்டமே கையைக் காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தது. காட்டுக்குள் ஓடப் போகிறார்களாம். ஆடி மாதத்திலிருந்து பராமரிப்பு வேலை என்று பூட்டிக் கிடந்த காட்டை இன்றைக்குத்தான் திறக்கிறார்கள். அதைக் கொண்டாடத்தான் இந்த ஓட்டம்.

வாசலில் காவலுக்கு நின்ற உலகநாதன் அவளுடைய சித்தி மகன். தினக்கூலி வாட்ச்சர். அவளைப் பார்த்ததும் அவன் முகம் சுண்டிப்போயிற்று.

"அக்கா, இன்னிக்கு ஓடறவங்களுக்கு மட்டும்தான். நீ மத்தியானமா வாக்கா."

"நானும் ஓடத்தான்டா வந்துகீறேன். நகுரு."

"பொடவையோடயா?"

"ஏன், உங்காட்டுல மானு இன்னா டவுசர் போட்டுகினா ஓடுது?"

பக்கத்தில் இருந்த பச்சை டீஷர்ட் பெண் ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். உலகநாதன் சிரிக்கவில்லை. அவன் வழக்கமாக இந்த மாதிரிப் பேச்சுக்கெல்லாம் விழுந்து விழுந்து சிரிக்கிறவன். இன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்காமல் குச்சியால் தரையைக் கிளறிக்கொண்டிருந்தான். அதை அவள் கவனிக்காமல் உள்ளே நடந்தாள்.

வடக்குக் காடு என்பது காப்புக்காடு. பட்டாபிராமைத் தாண்டி வடக்கே போனால், புது வீட்டுமனைகளும் கம்பிவேலிகளும் முடிகிற இடத்தில் செம்மண் மேடாக ஏறும். பெரிய மரக்காட்டை நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். காரையும் சூரையும் களாவும் இடுப்பளவு நின்று புடவையைப் பிடித்து இழுக்கிற முள்ளுக்காடு. நடுநடுவே பனை, ஈச்சை, எப்போதோ நட்டுவிட்டுப் போன தைலமரம். உள்ளே போகப் போகத் தரை இறங்கி ஒரு தாங்கலில் முடியும். ஏரியைவிடச் சின்னது, குட்டையைவிடப் பெரியது. மழைக்குப் பிறகு அதில் தண்ணீர் கரைமுட்ட நிற்கும். கரையில் ஒற்றை நாவல் மரம்.

ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலனிப் பெண்கள் அந்த மரத்தடியில் கன்னிமாருக்குப் பொங்கல் வைப்பார்கள். கோவில் கிடையாது, பூசாரி கிடையாது, உண்டியல் கிடையாது. ஒவ்வொரு வீட்டுக்காரியும் தாங்கலில் இறங்கி, தண்ணீருக்குள் கைவிட்டுத் துழாவி, ஏழு கல் எடுத்து வருவாள். மரத்தடியில் வரிசையாக நட்டு, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, படையல் போடுவாள். பொங்கலும் கருவாட்டுக் குழம்பும்தான் படையல். பொழுது சாய்வதற்குள் கற்களை எடுத்துக்கொண்டு மறுபடி தண்ணீரில் இறங்கி ஒவ்வொன்றாக விட்டுவிட்டு வர வேண்டும். கன்னிமார் தண்ணீரில் குடியிருக்கிறவர்கள். விருந்துக்கு அழைத்தவர்களை வீட்டுக்கு அனுப்பிவைக்காமல் நடுக்காட்டில் நிறுத்திவிட்டு வருவது எந்த ஊர் மரியாதை? ஆம்பிளைகள் விறகு பிளப்பார்கள், குழம்புக்கு உப்புப் பார்ப்பார்கள். கல்லை மட்டும் தொட மாட்டார்கள்.

ஏழாவது கல் மற்ற ஆறையும்விடச் சின்னதாக இருக்கும். அந்த வீட்டில் கல்யாணமாகாமல் செத்துப்போன பெண்பிள்ளை இருந்தால், அந்தக் கல் அவள்தான்.

வசந்தகுமாரியின் ஏழாவது கல் ரேணுகா.

ரேணுகா அவளுடைய மூத்த மகள். நாலாம் வகுப்புப் படிக்கும்போது, ஒரு கார்த்திகை மாத மழையில் வந்த காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை வாங்கிக் கொடுத்து, பிறகு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, எல்லாம் கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துபோயிற்று. அப்போது அவள் புருஷன் கலியமூர்த்தி ஓசூர்ப் பக்கம் ஒரு கட்டடத்தில் கொத்தனார் வேலையில் இருந்தான். சேதி கிடைத்து அவன் வந்து இறங்கியபோது பிள்ளையைப் புதைத்துவிட்டு எல்லோரும் குளித்து முடித்திருந்தார்கள். மழை விடாமல் பெய்ததால் காத்திருக்க முடியவில்லை என்று பெரியவர்கள் சொன்னார்கள். அவன் ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்குக் குறைந்த பேச்சு அவனுக்கு அதற்குப் பிறகு கூடவே இல்லை.

வசந்தகுமாரி அவனுக்கும் சேர்த்துப் பேசினாள். பின்னால் பிறந்த மகன் அரவிந்தனை வளர்த்து, படிக்கவைத்து, ஒரகடத்தில் வேலைக்கு அனுப்பியது வரைக்கும் எல்லாம் அவள் வாயால்தான் நடந்தது. வருஷத்தில் ஒரே ஒரு நாள் அவள் சத்தமில்லாமல் இருப்பாள். ஆடி வெள்ளியில் அந்தச் சின்னக் கல்லைத் தேய்த்துக் குளிப்பாட்டும்போது. அப்போது அவள் அந்தக் கல்லோடு பேசுவாள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்குக்கூடக் கேட்காது.

போன ஆடியில்தான் கெட்டுப்போயிற்று. அன்றைக்குக் கம்பெனியில் ஷிப்ட் இழுத்துவிட்டது. அவள் வந்து அடுப்பு மூட்டும்போது மற்றவர்கள் பாதிப் பேர் கல்லைத் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தார்கள். காட்டைச் சுற்றுலாவுக்குத் திறந்த பிறகு வந்த புதுச் சட்டப்படி ஐந்து மணிக்கு விசில் ஊதுவார்கள். அதற்கு மேல் யாரும் தாங்கல் பக்கம் நிற்கக் கூடாது. அவள் பொங்கல் இறக்கி, படைத்து, கையெடுத்துக் கும்பிட்டபோது விசில் ஊதிவிட்டது. போதாததற்கு மழையும் பிடித்துக்கொண்டது.

"அக்கா, மேலேருந்து ஆளு வந்துகீறாங்கக்கா. நீ தண்ணில எறங்கறத பாத்தா எம் வேல பூடும். காலைல வந்து உட்டுடு. நான் தொறந்து உடறேன். சத்தியமா," என்று உலகநாதன் கையைப் பிடித்துக் கெஞ்சினான்.

அவள் வாழ்க்கையில் ஒரு விசிலுக்குக் கட்டுப்பட்டது அன்றைக்கு ஒரு நாள்தான். அவன் பெண்டாட்டி முழுகாமல் இருந்தாள், வேலை போனால் என்ன செய்வான் என்று நினைத்தாள். கன்னிமாரை வீட்டுக்குத் தூக்கிப் போகிற வழக்கமும் கிடையாது. ஏழு கல்லையும் மரத்தடியிலேயே விட்டுவிட்டு வந்தாள். மறுநாள் காலையில் போனபோது கேட்டில் பூட்டு. பராமரிப்பு வேலை என்று பலகை தொங்கியது. வேலிக்குச் சோலார் மின்சாரம் வேறு விட்டிருந்தார்கள். உலகநாதனைக் காலனியே வேடிக்கை பார்க்கிற மாதிரி திட்டித் தீர்த்தாள். என்ன திட்டி என்ன? பூட்டுக்குக் காதா இருக்கிறது?

அன்றையிலிருந்து அவளுக்கு ஒரே நினைப்பு. பிள்ளையை விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு, சாப்பாடு போட்டுவிட்டு, மழையில் நிற்க வைத்துவிட்டு வந்துவிட்டோம். கம்பெனியில் போல்ட்டைக் கையில் எடுத்தால் அந்த நினைப்பு. குழாயில் தண்ணீர் பிடித்தால் அந்த நினைப்பு. உலகநாதனை எங்கே பார்த்தாலும் ஒரே கேள்விதான் கேட்பாள். "டேய், கல்லு பத்ரமா கீதா?" அவன் ஒவ்வொரு தடவையும், "கீதுக்கா, அங்கியேதான் கீது," என்று சொல்லிவிட்டு நழுவிவிடுவான். அவன் சொன்னது பொய்யில்லை என்பதுதான் கொடுமை.

தாங்கலுக்குப் போகிற பழைய தடம் அடையாளம் தெரியாமல் மாறியிருந்தது. இரண்டு பக்கமும் கட்டை நட்டு, கயிறு கட்டி, மைல்கல் மாதிரி குட்டிக் குட்டிப் பலகை வைத்திருந்தார்கள். முள்ளெல்லாம் வெட்டி ஒழுங்கு பண்ணியிருந்தது. ஒரு இடத்தில் ஆள் ஏறிப் பார்க்க மூங்கில் கோபுரம். ஒரு இடத்தில் கயிற்றுப் பாலம். கீழே ஒரு முழப் பள்ளம்கூட இல்லை, அதற்கு ஒரு பாலம், அதில் ஏறி நின்று கத்துவதற்கு நாலு பேர். பின்னாலிருந்து ஓடி வந்தவர்கள் "எக்ஸ்கியூஸ் மீ" சொல்லிக்கொண்டு அவளைத் தாண்டிப் போனார்கள். மயில் ஒன்று இவர்கள் சத்தத்துக்குப் பயந்து பனைமட்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டிருந்தது. இருங்கடா, என் வேலை முடியட்டும், அப்புறம் ஓடுங்கள், பறந்து போங்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் இறங்கினாள். ஏழு கல்லையும் தண்ணீரில் விட்டுவிட்டால் போதும் அவளுக்கு.

நாவல் மரத்தடியைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது.

மண் இல்லை. செஞ்சாயம் போட்டு வழவழவென்று இழைத்த சிமெண்ட் மேடை. அதில் ஏழு கல்லும் வரிசையாக, அடிப்பாகம் சிமெண்டுக்குள் இறங்க, பதிந்து நின்றன. சுற்றி முழங்காலளவு எவர்சில்வர் கம்பி. பக்கத்தில் பலகை. சப்தகன்னியர், தொன்மையான வழிபாட்டுத் தலம், சுமார் ஐநூறு ஆண்டுகள் பழமையானது என்று எழுதியிருந்தது. ஐநூறு வருஷமாம்! போன ஆடியில் முட்டியளவு தண்ணீரில் நின்று அவள் கையால் துழாவி எடுத்த கல். பலகைக்குக் கீழே தரையில் மஞ்சள் வட்டம் போட்டு, படம் எடுக்குமிடம் என்று எழுதியிருந்தார்கள். இரண்டு பெண்கள் அந்த வட்டத்துக்குள் நின்று கன்னத்தோடு கன்னம் ஒட்டிக்கொண்டு போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ரேணுகா நின்றுகொண்டிருந்தாள்.

"எவன்டா இத்த கட்னது?"

அந்தச் சத்தத்தில் பெண்கள் வட்டத்தை விட்டு எகிறிக் குதித்தார்கள். தாங்கலில் இருந்த கொக்குகள் எழும்பின. ஓடி வந்தவர்கள் நின்றார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு வாலிபன் வந்தான். நிர்மல் என்று டீஷர்ட்டில் பெயர் இருந்தது. பருத்திப்பட்டு ஏரிக்கரை ஃபிளாட்டில் இருக்கிறவன், ஐடி கம்பெனிக்காரன். வாராவாரம் காட்டில் நடக்க வருகிற குழுவுக்கு அவன்தான் தலைவன். பேச்சில் ஈரோட்டுப் பக்கம் தெரிந்தது.

"என்னங்கம்மா ஆச்சு? நாங்கதான் கட்டுனோம்."

"இன்னாத்துக்குக் கட்ன?"

"போன வருசம் காடு பூட்டியிருந்தப்ப, தடம் போடற வேலைக்கு ஒத்தாசையா வந்தோங்க, அப்பப் பாத்தோம். மழையில சாஞ்சு கெடந்துச்சு. மாடு மிதிச்சுருமேன்னு சங்கடமா இருந்துச்சுங்க. எல்லாரும் சேந்து, அனுமதியெல்லாம் வாங்கி, ஐப்பசியில மரியாதையா ஒரு..."

"மரியாதையா? உன் ஊட்டுக்கு விருந்தாடி வந்த பொண்ண, துன்னு முட்ச்சதும் கால சிமெண்டுல பொதைச்சி வாசல்ல நிக்க வெப்பியா? அதாங் உங்க ஊரு மரியாதையா? அது திரும்பி ஊட்டுக்குப் போவ வேணாம்? தண்ணில உடறதுக்கு வெச்சிகினு இருந்தேன்டா நானு! ஆடியிலேருந்து காத்துகினு கீறேன்! யார கேட்டு கைய வெச்ச?"

நிர்மலுக்கு முகம் வெளுத்துவிட்டது. நல்ல பிள்ளைதான், அதில் சந்தேகம் இல்லை. எதிர்த்துப் பேசியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவன் கைகட்டிக்கொண்டு நின்றது அவள் வயிற்றெரிச்சலை இன்னும் கிளப்பியது.

"சத்தியமாத் தெரியாதுங்கம்மா. தெரிஞ்சா செஞ்சிருப்பமா? நாங்களா தொடலைங்க. கொத்தனார் அண்ணன்கிட்டக் கேட்டோம், கல்லைப் பதிக்கலாமான்னு. இந்தப் பக்கத்து ஆளுன்னுதான் அவரைக் கேட்டது. பதிக்கலாம்னு அவருதான் சொன்னாருங்க. இந்த ஒரு வேலைக்குக் கூலிகூட வேண்டான்னுட்டாரு. எங்களையெல்லாம் தள்ளி நிக்கச் சொல்லிட்டு, ஒவ்வொரு கல்லா அவரே கழுவி வெச்சாருங்க."

"எவன்டா அவன்? பேரு சொல்லு. அவன் கைய ஒடைக்காம உடமாட்டேன்."

"பேரு தெரியலைங்க. அதிகமாப் பேச மாட்டாரு."

வசந்தகுமாரி கம்பியைத் தாண்டிக் காலை வைத்து மேடையில் உட்கார்ந்தாள். சின்னக் கல்லைப் பிடித்து அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை. நகத்தால் சிமெண்டைச் சுரண்டினாள். முனகிக்கொண்டே மேடை ஓரத்தில் கையை ஊன்றினாள்.

கை ஊன்றிய இடம் கூர்மையாக இல்லை. உருண்டிருந்தது. அவள் விரலால் ஓரத்தைத் தடவிக்கொண்டே போனாள். இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஒரே சீராக, குழந்தை விழுந்து மண்டையை இடித்தாலும் காயம் படாத மாதிரி, உருண்டு இருந்தது.

ரேணுகா நடை பழகும்போது வீட்டுத் துணி துவைக்கிற மேடையின் ஓரத்தில் விழுந்து நெற்றியைப் பிளந்துகொண்டாள். அன்றைக்குக் கலியமூர்த்தி பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றை நீளவாக்கில் பிளந்து எடுத்துக்கொண்டான். ஈரச் சிமெண்டின் ஓரத்தில் அதைக் கவிழ்த்து இழுத்து, வீட்டில் இருந்த மேடை, படி, அலமாரித் திட்டு அத்தனையின் முனையையும் மழுக்கினான். அதற்குப் பிறகு எந்த வீட்டில் வேலை செய்தாலும் அப்படித்தான் முடிப்பான். நேரம் வீணாகிறது என்று மேஸ்திரிகள் திட்டுவார்கள். அவன் காதில் வாங்க மாட்டான்.

"தண்ணி குடிங்கம்மா," என்று நிர்மல் பாட்டிலை நீட்டினான். "நாளைக்கே மேல பேசி, எடுக்க அனுமதி வாங்கிடறேன்."

அவள் பாட்டிலை வாங்கவில்லை. எழுந்து விறுவிறுவென்று நடந்தாள். வாசலில் உலகநாதன் குச்சியைக் கீழே போட்டுவிட்டு நின்றான்.

"உனக்குத் தெரியும் இல்ல?"

"மாமாதான் சொல்லாதன்னாருக்கா," என்றான். அவனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

வீட்டில் கலியமூர்த்தி சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தான். அவள் கதவுக்குப் பின்னால் தொங்கிய அவன் வேலைப் பையை எடுத்துத் தலைகீழாகக் கொட்டினாள். சுத்தியல், உளி, கரணை, தூக்குக்குண்டு எல்லாம் தரையில் உருண்டன. அதற்குள்ளிருந்து பிளந்த குழாய்த் துண்டைப் பொறுக்கி அவன் முன்னால் போட்டாள்.

"ஐப்பசி பூரா எங்க வேலைக்குப் போன?"

அவன் குழாய்த் துண்டைப் பார்த்தான்.

"திருமழிசைன்னு சொன்ன. சோறு கட்டிக் குடுத்தேன். தெனமும் கட்டிக் குடுத்தேன்! நான் இங்க பைத்தியக்காரி மாதிரி கல்லு கீதா, கல்லு கீதான்னு ஊரு பூரா கேட்டுகினு கீறேன். நீ அங்க குந்திகினு எம் பொண்ண சிமெண்ட் போட்டுப் பூசிகினு இருந்தியா? ஆம்பள தொடக்கூடாதுன்னு தெரியாது உனக்கு? அந்தப் பையனுக்குத் தெரியாது, வெளியூரான். உனக்கு இன்னாய்யா கேடு? வாயத் தொறந்து சொல்லுய்யா!"

பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். கலியமூர்த்தி தட்டைக் கவிழ்த்து வைத்தான். கையைத் துடைத்தான். பிறகு பேசினான். இத்தனை வார்த்தைகளை அவன் ஒருசேரப் பேசி அவள் கேட்டதே இல்லை.

"நம்ம சுடுகாடு எங்கமே கீது? மதில் கட்டி, கேட்டு போட்டு, மாடி ஊடு வந்துடிச்சு. அவ மேல எவன் ஊட்டு சமையக்கட்டு கீதுன்னு தெரியாது. நான் வந்து எறங்கறதுக்குள்ள மண்ணப் போட்டு மூடிட்டீங்க. மூஞ்சகூட பாக்கல நானு. நீ வருசா வருசம் அவள எடுக்கற, குளிப்பாட்டற, மஞ்சப் பூசற, பேசற. நான் அப்பால நின்னு வெறவு பொளக்கறேன். அப்பால நீ அவள தண்ணில உட்டுட்டு வந்துடற. உனக்கு அனுப்பி வெச்சா மாதிரி கீது. எனக்கு வருசா வருசம் அவ சாவுறா மாதிரி கீது. அந்தக் கல்லு அங்க கெடந்திச்சு. அந்தப் பசங்க கேட்டாங்க. ஒரு எடத்துல இருக்கட்டுமேன்னு வெச்சிட்டேன். மத்தியானத்துல அவ பக்கத்துல குந்தி, நீ கட்டிக் குடுத்த சோத்தத்தான் துன்னேன்."

வசந்தகுமாரி தரையில் கிடந்த கரணையைக் காலால் ஒதுக்கிவிட்டு அவன் எதிரில் வந்து நின்றாள்.

"இத்தினி வருசமா ஒரு வார்த்த சொன்னியாய்யா?"

"நீ எங்கமே பேச உட்ட?"

அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. தைத்ததற்காகவும் கோபம் வந்தது. செத்த பிள்ளையின் அப்பன் என்று அவனை யாரும் நினைக்கவில்லை, அவளும் நினைக்கவில்லை. அது நிஜம். அதற்காக? அதற்காகப் பிள்ளையை நட்டு வைத்துவிடுவதா? கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் பேச்சு போய்விடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"உனக்குக் குந்த எடம் கெடச்சிச்சு. செரி. அவ குந்திகினா கீறா? நின்னுகினு கீறாய்யா. ஆடியிலேருந்து, அந்த மழையில, அந்த வெயில்ல, கண்டவனும் பக்கத்துல நின்னு பல்லக் காட்டி போட்டா புடிக்க, நின்னுகினே கீறா. என்ன ஊட்டுக்கு இட்டுகினு போன்னு அவ யார கேப்பா? அவளுக்குக் கால் நோவாது?"

கலியமூர்த்தி குனிந்து, தரையில் கிடந்த சுத்தியலையும் உளியையும் எடுத்துப் பையில் போட்டான். குழாய்த் துண்டை மட்டும் எடுக்கவில்லை.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஓட்டமெல்லாம் முடிந்து பலூன் வளைவு காற்றிறங்கிக் கிடந்தது. உலகநாதன் பையைப் பார்த்தான், அக்காவின் முகத்தைப் பார்த்தான். "நான் டீ குடிக்கப் போறேன்," என்று யாரிடமோ சொல்வது போல் சொல்லிவிட்டுக் கேட்டைத் திறந்துபோட்டுவிட்டுப் போனான். விசில் மட்டும் கழுத்தில் தொங்கியது. ஐந்து மணிக்கு அதை ஊதாவிட்டால் அவன் கதி அதோகதி.

மேடை அருகே போனதும் வசந்தகுமாரி பையிலிருந்து சுத்தியலைப் பிடுங்கி ஓங்கி ஒரு போடு போட்டாள். சிமெண்ட் தெறித்தது. இன்னொன்று போட்டாள். அந்தப் பலகைக்கு ஒன்று, மஞ்சள் வட்டத்துக்கு ஒன்று, வீட்டு மதிலாகிப்போன சுடுகாட்டுக்கு ஒன்று என்று அவள் போட்டுக்கொண்டே இருந்தாள்.

"குடுமே. கல்லு ஒடைஞ்சிடும்," என்று கலியமூர்த்தி அவள் கையைப் பிடித்தான்.

அவன் உளியை வைத்துத் தட்டினான். பெரிய கல் ஆறும் லேசில் வரவில்லை. நன்றாகத்தான் பதித்திருந்தான், பாவி. வியர்வை மூக்கு நுனியில் சொட்ட ஒவ்வொன்றாகக் கிளப்பி அவள் கையில் கொடுத்தான். அவள் கொண்டுபோய்த் தண்ணீரில் விட்டுவிட்டு, "போய்ட்டு வா தாயே," என்று சொல்லிவிட்டு வந்தாள். கடைசியில் சின்னக் கல்லுக்கு வந்தான். மேலே உளியை வைத்து லேசாகத் தட்டியதுமே மெல்லிய ஓடு மாதிரி சிமெண்ட் பெயர்ந்தது. அடியில் சிமெண்டே இல்லை. வெறும் மணல்.

"இவளுக்கு மட்டும் கலவை போட மனசு வரல," என்றான் அவன். "மணல்ல வெச்சி, மேலாப்புல பூசினேன்."

அவன் கல்லை எடுத்து அவளிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"நீ உடு."

"ஆம்பள தொடக்கூடாது இல்ல."

"தொட்டுக் கழுவி மணல் மெத்த போட்டே வெச்சிட்ட. இப்ப வந்து சட்டம் பேசறியா? எறங்குய்யா."

அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். முழங்காலுக்குத் தண்ணீர் வந்தது, இடுப்புக்கு வந்தது. அங்கே நின்றான். கல்லை இரண்டு கையாலும் மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தான். முதுகு மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது. முதலில் சும்மா நின்றான். பிறகு தலை லேசாகக் குனிந்தது, தோள் அசைந்தது. அவன் பேசிக்கொண்டிருக்கிறான் என்று அவளுக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

மேட்டில் விசில் ஊதியது.

அவன் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தான். வசந்தகுமாரி மேட்டுப் பக்கம் திரும்பினாள். காடே அதிர்கிற மாதிரி கத்தினாள்.

"ஊதாதடா பேமானி! ஒரு அப்பன் தம் பொண்ணாண்ட பேசிகினு கீறான்!"

விசில் பாதியில் நின்றது. கலியமூர்த்தி மறுபடி தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் என்ன பேசினான் என்று அவளுக்குக் கேட்கவில்லை. அவள் கிட்டே போகவும் இல்லை. உடைந்த மேடையின் உருண்ட ஓரத்தில் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு, அவன் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.